எண் ஏழுக்கு விண்ணப்பம் இல்லை

1

இந்தக் கதை ஒரு கணக்காய்வு அறிக்கையின் முதுகில் எழுதப்படுகிறது. நேற்று பின்னேரம் வரைக்கும் அறிக்கையைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். முன்பக்கத்தில் "எமது கருத்தின்படி" என்று தொடங்கிய வசனம் பாதியில் நிற்கிறது. என் கருத்து என்னவென்று எனக்கே தெரியாமல் போனதால் தாளைத் திருப்பி வைத்துக் கதை எழுதத் தொடங்கினேன்.

என் பெயர் நுஸ்ஹா. கல்முனையில் ஒரு வங்கியில் கடன் பிரிவில் வேலை. கடன் கேட்டு வருகிறவர் சிரித்தால் ஏன் சிரிக்கிறார் என்று யோசிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். நான் படித்த பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர் சங்கத்துக்கு இங்கே ஒரு கிளை உண்டு. இந்த வருடம் என்னை அதன் உள்ளகக் கணக்காய்வாளராக்கினார்கள். (பல்கலைக்கழகத்தின் பெயரைக் கேட்காதீர்கள். ஏன் கேட்கக் கூடாது என்பது போகப் போகத் தெரியும்.) விஷயத்தை என்னைக் கட்டிய மாப்பிள்ளையிடம் சொன்னபோது, மீன் ஆணத்தில் எத்தனை கல் உப்புப் போட்டாய் என்று உம்மாவையே விசாரிக்கிற ஆளைத்தான் தேடிப் பிடித்திருக்கிறார்கள் என்றார்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

[பத்திநாதர் ஒரு திருடர்.]

நல்ல வரிதான். வாசிக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார். கோடு போட்டு வெட்டிவிட்டேன். ஆனால் தெரியும்படி விட்டிருக்கிறேன். மூன்று கிழமையாக இதை நான் நம்பினேன் என்பதை மறைக்கக் கூடாது.

தொடக்கம், இரண்டாம் முயற்சி:

பத்திநாதர் சேர் எங்கள் சங்கத்தின் பொருளாளர். அரசாங்க அலுவலகமொன்றில் கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவர். கத்தோலிக்கர். எங்கள் கிளையில் காரைதீவு, பாண்டிருப்புப் பக்கத்துத் தமிழ் ஆட்கள் கொஞ்சப் பேர் இருக்கிறார்கள், மற்றவர்களெல்லாம் முஸ்லிம்கள், அவரவர் பக்கத்துக்குள் எல்லாரும் எல்லாருக்கும் மச்சான், மருமகன், சம்பந்தி. யார் கையில் காசைக் கொடுத்தாலும் சொந்தத்துக்குள் போய்விட்டது என்று கதை வரும். அதனால்தான் ஆறு வருடத்துக்கு முன் ஒரே குரலில் பத்திநாதர் சேரைப் பிடித்துப் பொருளாளராக்கினார்கள். இந்த ஊரில் அவருக்குச் சாச்சாவும் இல்லை, மாமியும் இல்லை. எங்களை நாங்கள் நம்பாததால் அவருக்குக் கிடைத்த பதவி அது.

3

சங்கத்தின் யாப்பில் (அமைப்பு விதிகளில்) நோக்கம் ஒரே வரி: வசதியில்லாத மாணவரின் படிப்புக்குக் கைகொடுத்தல். இலாபம் கிடையாது, பங்கு கிடையாது. கட்டாரிலிருந்தும் லண்டனிலிருந்தும் பழைய மாணவர்கள் அனுப்புகிறார்கள். பதினொரு பிள்ளைகளுக்கு மாதம் ஆறாயிரம் ரூபாய் போகிறது. பத்துப் பிள்ளைகளுக்குக் கோப்பு இருக்கிறது. விண்ணப்பம், கிராம சேவகரின் வறுமை அத்தாட்சி, வங்கிக் கணக்கு எல்லாம் உண்டு. ஏழாம் எண்ணுக்கு மட்டும் பெயர்கூட இல்லை. "கையில் கொடுக்கப்பட்டது" என்று சேரின் கையெழுத்தில் இருபத்து நான்கு மாதம் எழுதியிருக்கிறது.

சந்தேகப்படுகிறவளுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

* அடிக்குறிப்பு. அதே கோப்பில் வருடாந்த ஒன்றுகூடலின் சாப்பாட்டு ரசீதும் இருந்தது. முத்திரை, கையெழுத்து, திகதி ஒன்றும் குறைவில்லை. நாற்பது சஹன். ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அன்றைக்கு சேரும் எங்களோடு ஒரு சஹனில்தான் உட்கார்ந்தார். வந்தவர்கள் கையெழுத்து வைத்த கொப்பியில் நூற்று முப்பத்தெட்டுப் பேர். ஆறால் வகுத்தால் இருபத்து மூன்று. மிச்சம் பதினேழு சஹனை யார் சாப்பிட்டது? இதை நான் அப்போது வகுத்துப் பார்க்கவில்லை. ரசீது இருந்தது, சரி போட்டேன். வெட்கமாக இருக்கிறது. இல்லாத தாளைக் கண்டு பாய்ந்த நான், இருக்கிற தாளை ஒரு தரம் வகுத்துப் பார்த்திருக்கலாம்.

4

சேரின் வீட்டுக்குப் போனேன். பிளேன்ரீ தந்தார். ஏழாம் எண் யாரென்று கேட்டேன்.

"ஆதாரமில்ல எண்டு எழுதுங்க பிள்ள. நானா இருந்தாலும் அப்பிடித்தான் எழுதுவன்."

"பேரச் சொன்னா எழுதத் தேவையில்லயே சேர்."

"அது மட்டும் ஏலா."

அவ்வளவுதான். கோபப்படவில்லை, கண் கலங்கவில்லை, பைபிளில் சத்தியம் பண்ணவில்லை. இவ்வளவு அமைதியான ஆளைக் கடன் பிரிவில் நான் ஒருநாளும் நம்பியதில்லை.

(இந்த இடத்தில் முதல் பிரதியில் அவருக்கு ஒரு புது மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுத்திருந்தேன். கதை விறுவிறுப்பாகத்தான் போனது. உண்மையில் அவரிடம் இருப்பது உதைத்தால் ஏழாம் தரத்தில் கிளம்புகிற பழையது. எழுதுகிறவளுக்கு ஒரு ஆளைக் கள்ளனாக்க ஒரு வரி போதும் என்று அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. மோட்டார் சைக்கிளைத் திருப்பி எடுத்துவிட்டேன்.)

5

பயம் வருவதற்கு முன்னமே செய்யக் கூடாததைச் செய்திருந்தேன். நிர்வாகக் குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு போட்டேன். "ஏழாம் நம்பர்ல ஒரு ஆள் இரிக்கிதா எண்டே எனக்குச் சந்தேகமா இரிக்கி" என்றேன். மதியம் லுஹருக்குப் போட்டது, பின்னேரம் அஸருக்கு முன் பக்கத்து ஊர் மருதமுனையைத் தாண்டிவிட்டது.

தலைவர் றிஸ்கான் காக்கா உடனே எனக்கு அழைப்பெடுத்துப் பாராட்டினார். ஊரில் பெரிய இரும்புக்கடை வைத்திருக்கிறவர். ஒன்றுகூடல் அவருடைய ஏற்பாடு. ஏழாம் எண்ணுக்கான காசை அன்றைக்கே நிறுத்தச் சொன்னார். பொதுக்கூட்டத்தில் அந்தப் பெயரைச் சேர் எல்லாருக்கும் முன்னால் வாசிக்க வேண்டும், இல்லையென்றால் கள்ளன் என்று ஒத்துக்கொண்டு போக வேண்டும் என்றார். ஒன்றுகூடலுக்கு மாணவர் நிதியில் கைவைக்கச் சேர் விடவில்லை என்பதும், அந்தக் காய்ச்சல் தலைவருக்கு இன்னும் இறங்கவில்லை என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. என்னை ஏன் கணக்காய்வாளராக்கினார்கள் என்று அப்போதுதான் யோசித்தேன். என்னைவிட மலிவான கத்தி அவருக்கு எங்கே கிடைத்திருக்கும்?

6

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம். ஆண்களெல்லாம் பள்ளிவாசலில், தெருவில் ஒரு காக்கா குருவி இல்லை. என் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு ஒரு பிள்ளை வந்தாள். யாரும் பார்க்காத நேரம் கிழமைக்கு அந்த ஒன்றுதான் என்று கணக்குப் போட்டு வந்திருந்தாள்.

அவளுக்குப் பாத்தும்மா என்று பெயர் வைக்கிறேன். இந்தக் காலத்தில் இருபத்திரண்டு வயதில் எந்தப் பிள்ளைக்கு அந்தப் பெயர் இருக்கிறது? அதற்காகத்தான் வைத்தேன்.

"ராத்தா, ஏழாம் நம்பர்ல ஆள் இரிக்கி" என்றாள். "நான்தான்."

பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவளுடைய வாப்பா நோன்பு காலத்தில் ஏழைகளுக்கு ஸகாத் கொடுத்தவர். வாசலிலிருந்து சந்திவரை வரிசை நிற்கும். வியாபாரம் படுத்துக் கடையை மூடி இரண்டு வருடம். இப்போதும் மனிசன் வெளியில் போகும்போது மடிப்புக் கலையாத சேட்டுத்தான் போடுவார். வறுமை அத்தாட்சிக்குப் போனால் ஊரே அறியும். அவர் வாசலில் வரிசையில் நின்றவர்களே அறிவார்கள். கெம்பஸ் படிப்பை விடப் போகிறாள் என்று எப்படியோ கேள்விப்பட்ட பத்திநாதர் சேர், யாருக்கும் உறவில்லாத தன் வாய்க்குள் விஷயத்தை வைத்துக்கொண்டு, மாதம் ஆறாயிரத்தைக் கையில் கொடுத்திருக்கிறார். வாப்பா அதை அரசாங்கத்தின் மஹாபொலப் புலமைப்பரிசில் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். எங்கள் தலைவர் றிஸ்கான், வாப்பாவின் கூடப்பிறந்த காக்கா, சொந்த அண்ணன். காணிப் பிரச்சினையில் இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

கைப்பையிலிருந்து ஒரு சின்னக் கொப்பி எடுத்தாள். இருபத்து நான்கு திகதி, அவளே வைத்த இருபத்து நான்கு கையெழுத்து, ஒவ்வொரு பக்கத்தின் மேலும் அவளுடைய முழுப்பெயர். வேலை கிடைத்ததும் சங்கத்துக்குத் திருப்பிக் கொடுப்பதற்காகத் தானே எழுதி வைத்தது. சேருக்கே தெரியாது.

"இதக் காட்டுங்க ராத்தா. அந்த மனிசனக் கள்ளன் எண்டு சொல்ல விடாதீங்க."

"காட்டினா நீங்க?"

"நான் கெம்பஸுக்குப் போகமாட்டன். வாப்பாட மூஞ்ச எப்பிடிப் பாக்குற?"

மூன்று கிழமையாக நான் தேடின ரசீது என் மடியில் கிடந்தது. நான் அழுதேன். அவள் அழவில்லை.

7

[இந்தப் பகுதியில் அவள் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது, வாப்பா என்ன கடை வைத்திருந்தார், அவள் எந்தப் பீடம் என்றெல்லாம் நன்றாக எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன்.]

தலைவரின் தம்பி மகள் என்று எழுதியதை நம்பி, றிஸ்கானின் தம்பிமாரை எண்ணத் தொடங்கிவிடாதீர்கள். எங்கள் தலைவருக்கு றிஸ்கான் என்று பெயரே இல்லை. உறவையும் மாற்றியிருக்கிறேன். மாற்றவில்லை என்றும் வைத்துக்கொள்ளலாம். நீங்கள் சந்தேகப்படுவீர்கள், எனக்குத் தெரியும். அந்தத் தொழிலை உங்களுக்கு இவ்வளவு நேரமும் பழக்கியவள் நான்தானே. ஏழாம் எண்ணுக்குக் கதையிலும் ஒரு வெற்றிடம் இருக்கட்டும்.

8

இதைக் கூட்ட மண்டபத்தில் இருந்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை. செயலாளர் போன வருடத்துக் கூட்டக் குறிப்பை நீட்டி நீட்டி வாசிக்கிறார், எனக்குக் கொஞ்ச நேரம் இருக்கிறது. கொப்பி என் கைப்பையில். சேர் முன் மேசையில் பேனையைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறார்.

முடிவு அ: நான் எழும்பிக் கொப்பியைத் திறந்து பெயரை வாசிக்கிறேன். சேரை எல்லாரும் கட்டிப்பிடிக்கிறார்கள். பின்னேரமே ஒரு மனிசன் மடிப்புக் கலையாத சேட்டைக் கழற்றி

முடிவு ஆ: நான் வாய் திறக்கவில்லை. "ஆதாரமில்லை" என்ற அறிக்கை நிறைவேறுகிறது. சேர் பழைய மோட்டார் சைக்கிளை உதைக்கிறார். ஒன்று, இரண்டு, மூன்று. வாசலில் நிற்கிறவர்கள் பார்த்துக்கொண்டு

முடிவு இ: பதினேழு சஹனைத் தூக்கிச் சபையில் வைக்கிறேன். இதுதான் எனக்குப் பிடித்த முடிவு. சற்று முன், செயலாளர் வாசிக்கத் தொடங்கும் முன்னமே, செய்தும் பார்த்தேன், கதையில் அல்ல, நிஜமாக. கை தூக்கிக் கேட்டேன். தலைவர் சிரித்துக்கொண்டு ரசீதை உயர்த்திக் காட்டினார். "இதுக்கு ரசீது இரிக்கி தங்கச்சி. ஏழுக்குக் காட்டுங்க பாப்பம்" என்றார். சபையும் சிரித்தது. ரசீது இருக்கிற இடத்தில் யாரும் வகுத்துப் பார்ப்பதில்லை, நானே பார்க்கவில்லையே.

செயலாளர் உட்கார்ந்துவிட்டார். தலைவர் எழும்பிச் சேரைப் பார்த்துக் கடைசித் தரமாகப் பெயரைக் கேட்கிறார். சேர் இல்லை என்று தலையை ஆட்டுகிறார். அப்படியென்றால் அந்தப் பெயரைக் கணக்காய்வாளர் தேடி வெளியில் எடுப்பதா வேண்டாமா என்று சபை தீர்மானிக்கட்டும் என்கிறார் தலைவர். "பேர் தெரியோணும் எண்டு சொல்லுறாக்கள் கையத் தூக்குங்க."

தூக்குகிறார்கள். முன் வரிசை முழுக்க. வாசல் பக்கம் வெள்ளைச் சேட்டுப் போட்ட ஒருவரும் தூக்கியிருக்கிறார். சங்கத்துக்கு ஒரு காலத்தில் அள்ளிக் கொடுத்தவர். தன் காசு யாருக்குப் போனது என்று அறிய அவருக்கும் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறார் போல. சேட்டில் ஒரு மடிப்புக்கூடக் கலையவில்லை.

சேர் அவரைக் கண்டுவிட்டார். பேனையை மேசையில் வைத்துவிட்டு, முதல் தடவையாக என்னைப் பார்க்கிறார்.

நான் இதற்கு மேல் எழுதப்போவதில்லை. முதல் பக்கத்திலிருந்தே நீங்களும் அந்தப் பெயரைத்தான் தேடிக்கொண்டு வந்தீர்கள். என் கை கைப்பையின் மேல் இருக்கிறது. உங்கள் கை எங்கே இருக்கிறது என்று ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள். தலைவர் கைகளை எண்ணத் தொடங்கிவிட்டார்.