மஞ்சள் பூசிய வயர்

என் வீட்டுக்காரர் சத்தியசீலன் யாரிடமும் எதையும் கேட்க மாட்டார். நீலாயில் ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டு வழி தவறி மலாக்கா டோலில் போய் நின்றபோதுகூட, "சும்மா ஒரு சுத்து சுத்திப் பாக்கலாமேன்னுதான் வந்தேன்" என்றார். பட்டுப்புடவை கசங்கப் பின்சீட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு எப்படி இருந்திருக்கும்! நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தியில் ரசம்தான் மிச்சம்.

அப்பேர்ப்பட்ட மனுஷன், எங்கள் மகள் திலகாவின் நிச்சயதார்த்தத்தன்று காலையில் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்தார். கூரையில் இருந்த பழைய கலிமந்தாங்கைக் கழற்றிவிட்டு, கெமாஸ் டவுன் கடையில் வாங்கிய வட்டமான புது விளக்கை மாட்டப் போகிறாராம். அந்த நீட்டுக் குழல் விளக்கு நாலு தடவை கண்ணடித்துவிட்டுத்தான் எரியும். மாப்பிள்ளை அர்ச்சுனன் லைசென்ஸ் எடுத்த வயர்மேன். அவன் வந்து உட்காரும்போது விளக்கு கண்ணடித்தால் இவருடைய மானம் கப்பலேறிவிடுமாம்.

"அந்தப் பையன்கிட்ட முன்னமே ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிச்சிருப்பான்ல?" என்றேன்.

"மாப்பிள்ளையாகப் போறவன ஏணியில ஏத்துவாங்களாடி? நாலு பேரு சிரிக்கவா? நீ போயி பலகாரத்தப் பாரு."

போனேன். போயிருக்கக் கூடாது. பலகாரத்தைப் பார்த்துவிட்டு வருவதற்குள் இவருடைய அக்கா லோகேஸ்வரி வந்து ஏணிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். நல்லது கெட்டது பார்ப்பதில் எங்கள் தோட்டத்துக் குடியிருப்பிலேயே இந்த அண்ணியை மிஞ்ச ஆள் கிடையாது. கூரை ஓட்டையிலிருந்து மூன்று வயர்கள் தொங்கின: சிவப்பு, கறுப்பு, பச்சை.

"தம்பி, என்னலா இது? சுபகாரியம் நடக்குற எடத்துல, பொண்ணு தலைக்கு மேல கறுப்பு தொங்குது?"

"அது வயரு, அக்கா. அப்படித்தான் இருக்கும்."

"இருந்தா? அடுத்த வருசம் பேரப்பிள்ளை வேணுமா வேணாமா?"

இவரும் யோசித்துப் பார்த்தார். மெயின் சுவிட்ச் அணைத்துத்தான் இருந்தது, ஆபத்தில்லை. அண்ணி சாமி அறையிலிருந்து மஞ்சளைக் குழைத்து எடுத்து வந்தார். அக்காவும் தம்பியுமாகச் சேர்ந்து, மணப்பெண்ணுக்கு நலுங்கு வைப்பதுபோல, அந்தக் கறுப்பு வயருக்குத் தடிமனாக மஞ்சள் பூசிவிட்டார்கள். கறுப்பு இருந்த இடமே தெரியவில்லை.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. விளக்கு இன்னும் அட்டைப் பெட்டியிலேயே இருந்தது. இவர் கூரையில் ஆணியடித்துக்கொண்டிருக்கும்போதே மாப்பிள்ளை வீட்டுக் கார் வாசலில் வந்து நின்றது.

அர்ச்சுனனின் அம்மா மயிலம்மாள் தெமியாங்கில் இருப்பவர். நல்ல மனுஷிதான், ஆனால் ஒரு காரியத்தைத் தள்ளிப்போட்டால் அதோடு மனசையும் மாற்றிக்கொள்கிற ரகம். மகனுக்குப் பேசிய முந்திய சம்பந்தம் அப்படித்தான் காற்றோடு போனது. இன்னும் ரெண்டு நாளில் ஆடி பிறக்கிறது, விட்டால் ஆவணிதான். இந்த ஞாயிற்றுக்கிழமையிலும் நாலரைக்கு ராகு காலம். அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். இந்தப் பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று இவரிடம் ரெண்டு வருஷம் மல்லுக்கட்டியவள் என் மகள்.

ஹால் இருட்டாகக் கிடந்தது. மெயின் அணைத்திருந்ததால் காற்றாடியும் ஓடவில்லை. மயிலம்மாள் முந்தானையால் விசிறிக்கொண்டே சுற்றிலும் பார்த்தார்.

"குத்துவிளக்கு ஏத்தியிருக்கு, சம்பந்தி. அதுலயே மாத்திக்கலாமே" என்றேன்.

"பொண்ணு மொகத்த நல்ல வெளிச்சத்துல பாத்துதான் எங்க குடும்பத்துல தட்டு மாத்துவோம். அவசரம் என்ன, வேணும்னா ஆவணியில வச்சிக்கலாமே?"

திலகா தன் கைபேசி விளக்கைப் போட்டு முகத்துக்குக் கீழே பிடித்துக் காட்டினாள். மயிலம்மாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். நான் அதைப் பிடுங்கி அணைத்தேன்.

அர்ச்சுனன் ரொம்ப நேரமாகவே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மெல்ல எழுந்தான். "மாமா, நான் வேணும்னா..."

"ஐயையோ! தட்டு மாத்துறதுக்கு முன்ன பொண்ணு வீட்டுல மாப்பிள்ள வேல செய்யக் கூடாதுலா!" என்று அலறினார் அண்ணி.

"எங்க வீட்டுலயும் அதே வழக்கந்தான்" என்றார் மயிலம்மாள். "உக்காரு அர்ச்சுனா. வாயத் தொறக்காத."

"நீங்க உக்காருங்க, மாப்பிள்ள. இது சின்ன வேல" என்றார் என் வீட்டுக்காரர், ஏணி உச்சியிலிருந்து.

கொடுமையைப் பாருங்கள். ஒரு விளக்கு மாட்ட முடியாமல் ஒரு குடும்பமே தவிக்கிறது. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு வயர்மேன் பட்டு வேட்டியும் சந்தனமுமாகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

புது விளக்கிலும் மூன்று வயர்கள் இருந்தன: மரநிறம், நீலம், மஞ்சளும் பச்சையும் கலந்தது. இவர் சிவப்பை மரநிறத்தோடு சேர்த்தார். அது சரிதான் என்று பின்னால் தெரிந்தது. அடுத்து, மஞ்சள் இருக்கிற வயரை மஞ்சளோடுதானே சேர்க்க வேண்டும்? சேர்த்தார். மிச்சமிருந்த பச்சை நீலத்துக்குப் போனது.

அர்ச்சுனன் இருமினான்.

"மோகனா! மாப்பிள்ளைக்குத் தண்ணி குடு!" என்று இவர் மேலிருந்து கத்தினார்.

கொடுத்தேன். மெயின் சுவிட்ச் சமையலறையில் இருந்தது, அது என் பொறுப்பு. "போடு!" என்று சத்தம் வந்ததும் போட்டேன். இவர் விளக்கு சுவிட்சைத் தட்டினார். என் மூக்குக்கு முன்னால் மெயின் 'டப்'பென்று தானாகவே அணைந்து கீழே விழுந்தது.

"கடைக்காரன் ஏமாத்திட்டான்! விளக்கே சரியில்ல!"

மறுபடி ஏறினார். கழற்றினார். அதே மாதிரியே பூட்டினார். அர்ச்சுனன் இந்தத் தடவை பலமாக இருமினான். நான் இஞ்சி தட்டிப் போட்டு வெந்நீர் கொண்டுவந்தேன். அவன் பரிதாபமாக என்னைப் பார்த்துவிட்டுக் குடித்தான். மெயின் மறுபடி விழுந்தது. காய்ந்த மஞ்சள் பொலபொலவென்று உதிர்ந்து மயிலம்மாள் கொண்டையில் விழுந்தது.

"ஆசீர்வாதம், சம்பந்தி, ஆசீர்வாதம்" என்றார் அண்ணி, கண்ணை மூடிக்கொண்டு.

மயிலம்மாள் கொண்டையைத் தட்டிவிட்டுக் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கைப்பை மடிக்கு வந்தால் ஆள் கிளம்பப் போகிறார் என்று அர்த்தம். இந்த மனுஷனை ஏணியோடு தள்ளிவிட்டால் என்ன என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

இவர் மூன்றாம் முறையாக ஏறினார். மறுபடி அந்தப் பச்சை வயரை நீலத்துக்குக் கொண்டுபோனார். இருமல். நான் இஞ்சித் தண்ணீரோடு ஓடினேன். சமையலறை வாசற்படியில் நின்ற திலகா என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, தண்ணி வேணாம். அவரு இருமறப்ப கையப் பாருங்க. அப்பாவோட கைய."

பார்த்தேன். இவர் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. பிறகு அந்தக் கை நீலத்தை விட்டு மெல்ல நகர்ந்தது. இருமல் இல்லை. மஞ்சள் பூசிய அந்தக் கறுப்பு வயரை நீலத்துக்குக் கொண்டுபோனார். இருமல் இல்லை. பச்சையை மஞ்சள்பச்சையோடு சேர்த்தார். அர்ச்சுனன் தொண்டையைத் தடவிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்த்தான், ஒன்றுமே தெரியாத பிள்ளை மாதிரி.

"இப்பப் போடு, மோகனா."

போட்டேன். மெயின் விழவில்லை. ஹாலில் வெளிச்சம் கொட்டியது. காற்றாடி சுற்ற ஆரம்பித்தது. மயிலம்மாள் திலகாவைக் கிட்டத்தில் வரச்சொல்லித் தாடையைப் பிடித்துப் பார்த்தார், சிரித்தார், கைப்பையைக் கீழே வைத்தார்.

"பாத்தீங்களா? சின்ன வேலன்னு அப்பவே சொன்னேன்" என்றார் என் வீட்டுக்காரர், ஏணியை விட்டு இறங்கியபடி.

"சுத்தமான வேல, மாமா" என்றான் அர்ச்சுனன். முகத்தில் துளிக் கேலி இல்லை.

நாலரைக்கு இன்னும் நேரமிருந்தது. வெற்றிலை, பாக்கு, பழம், புடவை எல்லாம் தட்டில் ஏறின. ஒரு பக்கம் நானும் இவரும் தட்டைப் பிடித்தோம். எதிரில் மயிலம்மாள் கையை நீட்டினார்.

அர்ச்சுனன் இருமினான்.

அண்ணி கூரையைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன், வெற்றிலையைத் தலைகீழாக வைத்துவிட்டேனா என்று. என் வீட்டுக்காரர் தட்டிலிருந்து கையை எடுக்காமல் அவன் பக்கம் திரும்பினார். குரல் தாழ்ந்து வந்தது.

"என்ன மாப்பிள்ள? எங்கயாச்சும் தப்பாப் பண்ணிட்டேனா?"

"இல்ல மாமா. அத்தை குடுத்த இஞ்சி. காரம் தொண்டையில நிக்குது."

வீடே சிரித்தது. அண்ணிகூடச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மலாக்கா டோலில் கேட்காத மனுஷன், டாக்டரிடம்கூட என்ன வியாதி என்று கேட்காமல் இவராகவே சொல்லிவிட்டு வருகிற மனுஷன், இன்னொருத்தனைப் பார்த்து, தப்பாப் பண்ணிட்டேனா என்று கேட்டுவிட்டார். இத்தனை வருஷம் கத்திக் கத்தி என் தொண்டைதான் போனது. இந்தப் பையன் இருமியே சாதித்துவிட்டான்.

மயிலம்மாள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். நான் தட்டை அவர் கையில் வைத்து அழுத்தினேன்.

"சீக்கிரம் வாங்கிக்குங்க, சம்பந்தி" என்றேன். "எம் பொண்ணு வேணான்னாலும் இந்தப் பையன நான் விட மாட்டேன்."