வெண்ணெய்க் கையும் அமுங்கிய கேக்கும்

1

இந்தக் கதை பிறந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். உள்மனத்தின் உந்துதல், காலத்தின் கட்டாயம் என்றெல்லாம் எதுவும் கிடையாது. என் மனைவி என்னைச் சமையலறையிலிருந்து துரத்திவிட்டாள். "நீங்க இங்க நின்னு உதவினது போதும். போய் ஏதாவது எழுதுங்க" என்றாள். எழுதுகிறேன்.

சாப்பாட்டு மேசையிலிருந்து பார்த்தால் அடுப்பு நேராகத் தெரியும். மேலே நான்கு பர்னர், கீழே கண்ணாடிக் கதவு வைத்த ஓவன். புரொப்பேன் கேஸ் சிலிண்டர் பின்வாசலுக்கு வெளியே நிற்கிறது. ஓவனுக்குள் இப்போது ஒரு கேக் இருக்கிறது. இன்றைக்கு அது மூன்றாவது.

முதலாவதை என் முதுகுக்குப் பின்னால் நின்று மச்சான் தின்றுகொண்டிருக்கிறான். மனைவியின் தம்பி. தின்றபடியே நான் எழுதுவதைப் படிக்கிறான். தூள் தாளில் விழுகிறது.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"நீலச் சுடர் நடுங்கியது, அவளுடைய கனவுகளைப் போலவே, அந்த..."

மனைவி எட்டிப் பார்த்தாள். "என் கனவு எதுவும் நடுங்கல. அடுப்பு அடுப்பாவே இருக்கட்டும்."

இரண்டாம் முயற்சி:

"வெப்பம் என்பது என்ன? ஆதிமனிதன் கல்லோடு கல்லை உரசிய அந்த முதல்..."

"மாமா, கேக் வேகுறதுக்குள்ள நம்ம வீட்டுக்கு வந்து சேருவீங்களா?" என்றான் மச்சான்.

சரி, வந்துவிட்டேன். தெருமுனையில் ஒரு பேக்கரி இருக்கிறது. அதன் முதலாளியம்மா என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்: "க்ரீம், பூவேலை ஒண்ணும் வேண்டாம். வெறும் கேக் ஒண்ணு, இன்னிக்குக் கடை மூடுறதுக்குள்ள கொண்டு வாங்க. பிடிச்சிருந்தா என் கண்ணாடி அலமாரியில உங்க கேக்கை வச்சு விக்க ஒரு தட்டு உங்களுக்கு."

அலமாரியில் ஒரே ஒரு தட்டு. அதற்கா இந்தப் பாடு என்று நானும் கேட்டுத் தொலைத்தேன். அவள் சொன்னாள்: "இத்தனை வருஷமா செஞ்சு குடுக்கறேன். சொந்தக்காரங்க எல்லாரும் நல்லாருக்குன்னுதான் சொல்றாங்க. ஓசியில திங்கறவங்க வேற என்ன சொல்லுவாங்க? தெரியாத ஒருத்தர் சொல்லணுங்க."

அதைக் கேட்டதிலிருந்து எனக்கும் வயிற்றைக் கலக்குகிறது.*

* இரண்டாவது கேக்கை நான் ஒருவனே தின்றதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

3

இனி பாத்திரப் படைப்பு. மச்சானைக் கோமாளியாக வைத்துத்தான் கதையை யோசித்தேன். அவன் ஆட்சேபம் தெரிவிக்கிறான். "எனக்கும் கொஞ்சம் கௌரவம் குடுங்க மாமா." ஆகவே கௌரவமாகவே சொல்கிறேன்: நேற்று சிலிண்டர் காலியானது. புதியதை மாற்றித் தர மச்சான் அவர்கள் எழுந்தருளினார்கள். அதற்குப் பிறகு அடுப்பு சூடாகவே இல்லை.

பர்னரில் சுடர் சுண்டுவிரல் நகம் அளவுக்கு எரிந்தது. ஓவன் வெதுவெதுப்பைத் தாண்டவில்லை. முதல் கேக் ஓரத்தில் எழும்பி, நடுவில் யாரோ உட்கார்ந்துவிட்டுப் போன மெத்தைபோல அமுங்கிக் கிடந்தது.

மச்சான் களத்தில் இறங்கினான். சிலிண்டரை மூடினான். பர்னர்களைக் கழற்றி ஓட்டை ஓட்டையாக ஊசியால் குத்தினான். வெளியே போய் சிலிண்டரை ஒரே சுழற்றில் விறுக்கென்று திறந்தான். "இப்ப பாருங்க!" பார்த்தோம். அதே நகம்.

மறுபடி மூடினான். அடுப்பைச் சுவரைவிட்டு இழுத்து, குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று பார்த்தான். மடங்கவில்லை. காணாமல்போன கரண்டி ஒன்று கிடைத்தது. மறுபடி விறுக். "இப்ப பாருங்க!" நகம். குழாயின் மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவினான். ஒரு குமிழிகூட வரவில்லை. கசிவே இல்லாத, பாராட்டத்தக்க குழாய். மூடி, விறுக், நகம்.

(அந்த 'விறுக்'கைக் கவனித்து வையுங்கள். கதாசிரியன் என்கிற முறையில் இதற்குமேல் துப்புக் கொடுப்பது அழகல்ல.)

அந்த நகத்திலேயே நம்பிக்கை வைத்து இரண்டாவது கேக் உள்ளே போனது. அதுவும் அமுங்கி வந்தது. அப்போது நான் ஒரு கருத்துச் சொன்னேன். "ஒருவேளை மாவு சரியில்லையோ?" என்னைத் துரத்தியது ஏன் என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

4

அவள் வந்தாள். அடுப்பிலிருந்த எல்லாத் திருகுகளையும் மூடினாள். சிலிண்டரையும் போய் மூடிவிட்டு வந்தாள். "இனிமே யாரும் தொடாதீங்க" என்றாள்.

[இங்கே அவள் கண்ணில் ஒரு துளி என்று எழுதியிருந்தேன். "நான் அழல. கோபமா இருந்தேன்" என்று என் பேனாவைப் பிடுங்கி அவளே அடித்துவிட்டாள். சரி, அழவில்லை. ஆனால் கழுவின கரண்டியையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டு நின்றாள். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.]

அப்புறம் மூன்றாவது முறை மாவு கலக்கினாள். தகரத்தட்டில் வெண்ணெய் தடவினாள். கையைத் துடைக்கக்கூட இல்லை, அப்படியே வெளியே போய்ச் சிலிண்டரைத் திறந்தாள். வெண்ணெய்க் கையில் திருகு வழுக்கியது. கொஞ்சம் திருப்பினாள், வழுக்கியது. இன்னும் கொஞ்சம் திருப்பினாள். அப்படியே தடவித் தடவித் திறந்துவிட்டு உள்ளே வந்து பற்றவைத்தாள்.

சுடர் நிமிர்ந்து நின்றது. ஓவன் முழுச்சூட்டுக்கு வந்தது. மூவரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம்.

மச்சான் செல்போனைத் தட்டி உரக்கப் படித்தான். "சிலிண்டரைச் சட்டுனு திறந்தா, எங்கயோ குழாய் பிடுங்கிக்கிச்சுன்னு நினைச்சு ரெகுலேட்டர் தன்னைத்தானே பாதி அடைச்சுக்கும். எல்லாத்தையும் மூடிட்டு, கொஞ்ச நேரம் விட்டு, மெதுவா..."

'மெதுவா' வந்த இடத்தில் அவன் குரல் உள்ளே போய்விட்டது.

"யாருடா சட்டுனு திறந்தது?" என்றாள் அக்கா.

கையிலிருந்த கேக் துண்டை முழுசாக வாயில் அடைத்துக்கொண்டான்.

5

மாற்று முடிவுகள்.

அ) மச்சான் கேட்டுக்கொண்டபடி: மச்சான் தன் கூர்மதியால் கோளாறைக் கண்டுபிடிக்கிறான். பேக்கரி முதலாளியம்மா வியந்து தன் கடை அடுப்பையும் அவனிடமே... (இல்லை. எனக்கும் மனசாட்சி இருக்கிறது.)

ஆ) என் விருப்பம்: பொறுமையே வென்றது. அவசர ஆண்கள் தோற்ற இடத்தில் ஒரு பெண்ணின் நிதானம்...

"நிதானமா? வெண்ணெய்ங்க அது" என்றாள்.

6

இப்போது அவள் ஓவனுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். கடை மூட அதிக நேரமில்லை. கண்ணாடியில் ஆவி படிந்து உள்ளே ஒன்றும் தெரியவில்லை. மச்சான் கதவுக் கைப்பிடிக்குக் கையை நீட்டினான். இருவரும் சேர்ந்து கத்தினோம். பாதி வேக்காட்டில் திறந்தால் நடு அமுங்கிவிடும்.

"கேக் பொன்னிறமாகப் பொங்கி எழுந்த..." என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதத் தொடங்கினேன். ஆசைதான்.

அவள் திரும்பாமலே சொன்னாள்: "நீங்க எழுதினா நல்லாத்தான் வந்திருக்கும். நீங்களும் சொந்தக்காரர்தானே."

பேனாவை வைத்துவிட்டேன். அவள் சொன்னது சரி. நான் எழுதினால் செல்லாது.

நீங்கள் எங்களுக்கு அத்தையும் இல்லை, சித்தப்பாவும் இல்லை. இந்த வீட்டில் ஓசியில் ஒரு துண்டும் தின்றதில்லை. அதனால் நீங்களே வாருங்கள். வெந்ததும் கதவைத் திறந்து, நடுவில் ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள். ஒரு வாய் தின்றுவிட்டு உள்ளதைச் சொல்லுங்கள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லாதீர்கள்.

கைப்பிடியெல்லாம் வெண்ணெய். மெதுவாகத் திறங்கள்.