கோர்ட்டில் கட்டிய பணம்

மூன்றாம் நாள் காலையில் சலவைக்கடையில் ஒரே சட்டைக்கு அவள் இரண்டு தடவை இஸ்திரி போட்டாள். கடைக்காரர் பார்த்துவிட்டு அடுத்த துணியை எடுத்து வைத்தார். அவளுடைய வீட்டுக்காரர் மூன்று நாளாக ஜெயிலில் இருப்பது அவருக்கும் தெரியும்.

வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகளுக்கு ஹாரன் மாமா. பெட்ரோல் பங்கில் யார் முதலில் என்று இரண்டு பேர் மல்லுக்கட்ட, விலக்கிவிடப் போனார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். அந்த இருவரில் ஒருவனான நகைக்கடைக்காரர் மகன் மற்றவருடைய காரின் கண்ணாடியை உடைத்தான். போலீஸ் அவனையும் இவரையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போனது.

கோர்ட்டில் இருவருக்கும் ஒரே ஜாமீன் தொகை. முப்பதாயிரம், ரொக்கமாக. சட்டத்தின் முன் எல்லாரும் சமமல்லவா, குறை சொல்ல முடியாது. நகைக்கடைக்காரர் பையிலிருந்து எடுத்துக் கட்டிவிட்டு மகனை மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கூட்டிப்போனார். இவளுக்கு அது நான்கு மாதச் சம்பளம். மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். அந்தப் புண்ணியவான் கோர்ட் வாசலை மிதித்திருக்க மாட்டார்.

திங்கட்கிழமைக்குள் வராவிட்டால் வேறு டிரைவர் பார்த்துக்கொள்வோம் என்று பள்ளிக்கூடம் சொல்லிவிட்டது. அவள் நாத்தனாரிடம் போனாள். நாத்தனார் கல்நெஞ்சக்காரி இல்லை. தம்பி என்றால் உயிர். கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

"கோர்ட்டுல கட்டினா போனது போனதுதானே? பொண்ணு கல்யாணத்துக்கு நிக்கிறா."

"ஆமா அண்ணி, போனதுதான்" என்றாள் இவள். பொய் சொல்லி வாங்க மனம் வரவில்லை. சங்கிலி மறுபடியும் கழுத்துக்குப் போனது. கோபம்கூட வரவில்லை அவளுக்கு.

அரசு கொடுத்த இலவச வக்கீல் நல்ல மனிதர். அவர் கையில் அன்றைக்கு மட்டும் இருபது கேஸ் கட்டு. கேஸை நடத்தினால் ஐந்தாறு மாதம் இழுக்கும், நான்தான் உடைத்தேன் என்று ஒத்துக்கொண்டால் அபராதம் ஆயிரத்தோடு இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்றார். ஆயிரம் அவளிடம் இருந்தது.

கம்பிக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரர் மூன்று நாள் தாடியோடு நின்றார்.

"ஒத்துக்கோங்க" என்றாள்.

"நான் உடைக்கலையே."

"தெரியுங்க. கையில ஆயிரம்தான் இருக்கு."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டார். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில், குற்றத்தை ஒத்துக்கொண்டவரிடம் பிள்ளைகளை எப்படி ஒப்படைப்பது என்று மரியாதையாகவே கேட்டார்கள். இப்போது குடோனில் மூட்டை இறக்குகிறார். ராத்திரி வந்தால் சாப்பிட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறார்.

ஆறு மாதம் கழித்து அதே வக்கீல் கறுப்புக் கோட்டை இஸ்திரிக்குக் கொண்டுவந்தார். அவளை அடையாளம் கண்டு, நகைக்கடைப் பையன் மேல் இருந்த கேஸ் தள்ளுபடியாகிவிட்டது என்றார். உடைத்தவர்தான் ஒத்துக்கொண்டாரே, பிறகு அந்தப் பையன் மேல் என்ன இருக்கிறது?

"அப்போ அவங்க கட்டின முப்பதாயிரம்?"

"அது திரும்ப வந்துடும்மா. ஜாமீன் பணம் கோர்ட்டுல சும்மா வச்சிருக்கறதுதானே? வாய்தாவுக்கு ஒழுங்கா வந்தா கேஸ் முடிஞ்சதும் முழுசா குடுத்துடுவாங்க. அபராதம்தான் வராது."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார்."

"உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்" என்றார் வக்கீல். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அது அவ்வளவு சாதாரண விஷயம். சாயங்காலம் கோட்டு கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்கும் என்றாள்.

அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். வரவில்லை. நாத்தனாரிடம் மட்டும் இதைச் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தாள். சொன்னால் அந்த மனுஷி இனி சங்கிலியே போட மாட்டாள்.