நான்கு இடத்தில் நிற்கும் மேம்பாலம்

8-11-1988. இன்றைய தவறு: மேம்பாலத்தில் நான்கு இடங்களில் வண்டிகளை நிறுத்திவிட்டேன்.

இப்படி டைரியில் எழுதியதும் வெள்ளையனுக்குச் சந்தேகம் வந்தது. வரைபடத்தைப் பிரித்து மறுபடி எண்ணினான். நான்குதான்.

பகலில் அவனுக்கு எஸ்டேட் ஆபீஸில் வேலை. மாலையில் ஒண்டிக்கடை முக்கில் வரைபட வகுப்பு. இந்தப் படம் தேறினால்தான் சேலத்தில் பரீட்சை எழுதலாம். இரண்டு நெடுஞ்சாலைகள் ஒன்றின்மேல் ஒன்று கடக்க வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற நான்கு மூலைகளிலும் வளைந்த வழிகள் வேண்டும். எல்லாவற்றுக்கும் தமிழில் பெயர் எழுத வேண்டும். வாழவந்தி மலைக்கிராமத்துக்காரனான அவன் அப்படி ஒரு சாலையைக் கண்டதில்லை. வளையங்களைப் பார்த்ததும் மலைப்பாதைதான் நினைவுக்கு வந்தது. 'கொண்டை ஊசி வளைவு 1/4' என்று தொடங்கி 4/4 வரை எழுதினான். மலையில் இறங்குகிற வண்டி, ஏறுகிற வண்டிக்கு ஒதுங்கி நிற்கும். எனவே இறங்குவழி நான்கிலும் குறுக்குக்கோடு போட்டு, 'நிற்கவும், ஹாரன் அடிக்கவும்' என்று எழுதி வைத்தான்.

அன்று மாலை வகுப்பில் அதைக் கூடப் படிக்கும் மாதேஸ்வரன்தான் முதலில் பார்த்தான்.

"ஏன் மாப்ள, இந்த டிரைவர் ஆருக்காக நிக்கறான்?"

"எதுக்க ஏறி வர்ற வண்டிக்கு."

"இது ஒருவழிப் பாதை. எதுக்க ஆரும் வரமாட்டாங்க. பாவம், பொழுதுக்கும் ஹாரன் அடிச்சுட்டே நிப்பான்."

வகுப்பே சிரித்தது. ஜெயகுமாரி டீச்சரும் சிரிப்பை அடக்கவில்லை.

"நொம்ப மரியாதையான பாலமுங்க. ஆனா நிக்காமப் போறதுக்குத்தானே இதைக் கட்டறதே? வளைவெல்லாம் சரியா இருக்குது. திருத்தி நாளைக்குக் கொண்டு வாங்க, பரீட்சைக்கு அனுப்பறேன். இல்லீன்னா அடுத்த வருசந்தான்."

"நிக்கலீன்னா கீழ்ரோட்டு வண்டி மேல மோதிக்குமேங்க டீச்சர்?"

"கூடவே கொஞ்ச தூரம் ஓடி, எடம் பாத்துச் சேந்துக்கும்."

"ஓடற மாரமங்கலம் பஸ்சுக்குள்ளார நீ ஓடிப்போய் நுழையற மாதிரி மாப்ள" என்றான் மாதேஸ்வரன்.

அது வெள்ளையனுக்கு உடனே விளங்கியது. கேலி செய்தவனிடமே விளங்கிக்கொண்டோமே என்றுதான் வருத்தம். வீட்டுக்கு வந்து, வண்டிகள் சேரும் இடத்துக்கு மூன்று பெயர்களை எழுதி இரண்டை அடித்தான். மீதி ஒன்றும் சரிதானா என்று தெரியவில்லை. இருந்தாலும் டைரியை முடித்தான்.

நாளைய வேலை: புது பிளேடு வாங்கி, நான்கு குறுக்குக்கோடுகளையும் தாள் கிழியாமல் சுரண்ட வேண்டும். அங்கே 'சேர்தடம்' என்றும், கொண்டை ஊசிகளுக்குப் பதில் 'சுற்றுவழி' என்றும் எழுதி, மாலை வகுப்பில் டீச்சரிடம் கொடுக்க வேண்டும்.