துடைத்த படம்

டாக்டரம்மாவுக்கு மங்கல் என்றாலே ஆகாது. மூளை ரத்தக்குழாய்களை ஸ்கேன் எடுத்தால், பிசிறு, புள்ளி, நிழல் ஒன்று விடாமல் கணினியில் துடைத்துவிட்டுத்தான் மறுவேலை. முந்தின நாள் அப்படித் துடைத்த படத்தைத்தான் கேக் மாஸ்டரின் அக்காவிடம் காட்டியிருந்தாள். தம்பியின் மூளையில் இடப்பக்கம் ஒரு குழாய் பட்டாணி அளவுக்குப் புடைத்திருக்கிறது, வெடித்தால் உயிருக்கே ஆபத்து, உள்ளே மெல்லிய கம்பிச்சுருளை வைத்து அடைத்துவிட்டால் தீர்ந்தது என்றாள். படம் கண்ணாடி மாதிரி இருக்கிறதே என்று அக்காவுக்கும் திருப்தி. கேக்கின் மேல் க்ரீமில் பூப்போடும் தம்பியின் வலது கைக்கு ஒன்றும் ஆகாதே என்று மட்டும் நாலு தடவை கேட்டாள். ஆகாது என்று டாக்டரம்மா அடித்துச் சொன்னாள்.

இப்போது மாஸ்டர் மயக்கத்தில் மேஜைமேல் கிடந்தான். தொடைவழியே நுழைத்த மெல்லிய குழல் மூளைவரை போய்ப் புடைப்புக்குள் நின்றது. சுருள் வளையம் வளையமாக உள்ளே இறங்கியது. பட்டனை அழுத்தினால் அது கழன்று அங்கேயே தங்கிவிடும். பிறகு லேசில் எடுக்க முடியாது. அழுத்துமுன் வழக்கம்போல, ரத்தம் ஓடும் வழியைத் திரையில் காட்டும் சாயமருந்தைச் செலுத்திப் பார்த்தாள். புடைப்பு குழாயோடு சேரும் கழுத்தோரம் மயிரிழை ஒன்று தெரிந்து மறைந்தது.

அது வெறும் பிசிறு, நேற்றைய படத்தில் அங்கே எதுவுமே இல்லையே என்றார் உதவி டாக்டர். வாஸ்தவம்தான். அது ஏன் இல்லாமல் போனது என்று அவளுக்குத்தானே தெரியும்.

"துடைக்காத படத்த எடுத்துப் போடுங்க," என்றாள்.

வந்தது. மூட்டத்துக்கு நடுவே, சரியாக அந்தக் கழுத்திலிருந்து ஒரு குட்டிக் குழாய் கிளம்பி ஆழத்துக்குப் போனது. வலது கையையும் காலையும் ஆட்டிவைக்கும் இடத்துக்கு ரத்தம் கொடுப்பதே அதுதான். அதன் வாயில் சுருளின் வளையம் ஒன்று உட்கார்ந்திருந்தது. அழகு பார்க்கப் போய் அவளே அழித்த குழாய். தன்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு சுருளைப் பின்னுக்கு இழுத்தாள். அவசரப்பட்டால் புடைப்பு கிழியும். தாமதித்தால் குட்டிக் குழாயில் ரத்தம் உறையும். கழுத்தை விட்டுவிட்டு, மேற்பாதியை மட்டும் அடைத்து முடித்தாள். மயிரிழையில் மறுபடி ரத்தம் ஓடியது. ஓடாமல் நின்ற நேரத்தில் என்ன கெட்டுப்போனதோ, அந்தத் திரையில் தெரியவில்லை.

வெளியே வந்து அக்காவிடம் மழுப்பவில்லை.

"பாதிதான் அடைச்சிருக்கேன். புடைப்போட கழுத்துல ஒரு சின்னக் குழாய் இருக்கும்மா. பிசிறுன்னு நெனச்சு நேத்து நான்தான் துடைச்சுட்டேன்."

அக்கா கத்தவில்லை. "கை?" என்றாள்.

"முழிக்கட்டும். அப்பதான் தெரியும்."

மாஸ்டர் கண் திறந்தபோது அக்காவும் கட்டிலருகே நின்றாள். டாக்டரம்மா அவன் வலது உள்ளங்கையில் விரலை வைத்து அழுத்தச் சொன்னாள். கை கிடந்தபடியே கிடந்தது. மறுபடி சொன்னாள். பிறகு விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி, வலிக்கும்படி அவள் விரலைப் பிடித்தன. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"நல்லா அழுத்தறாரும்மா. கைக்கு ஒண்ணும் ஆகல."

அக்கா அவளை ஏறிட்டுப் பார்த்தாள்.

"நேத்தும் இப்படித்தான் சொன்னீங்க. தள்ளுங்க, நானே பாக்கறேன்."

டாக்டரம்மா விரலை உருவிக்கொண்டு இடம் விட்டாள்.