அவோரீத்தா என்றால் எப்போது?

என் பெயர் ரெஃபூஹியோ. அடைக்கலம் என்று பொருள். பெயர் வைத்தவர்களுக்குக் குசும்பு ஜாஸ்தி. இருபத்து மூன்று வருடங்களாக மில்வாக்கியின் தெற்குப் பக்கத்தில், ஒண்டிக்கொள்ள இடமில்லாத ஒரு கலைச் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். சங்கத்தின் பெயர் எல் பாத்தியோ, அதாவது முற்றம். எங்களுக்கு முற்றமும் கிடையாது, அதைச் சுற்றி ஒரு கட்டடமும் கிடையாது.

இதுவரை பதினொரு இடம் மாறியாயிற்று. தேவாலயத்தின் நிலவறை, சலவைக் கடையின் மாடி, இப்போது டயர் கடையின் பின்கட்டு. சவ அடக்க நிலையத்தை ஒட்டிய அறையில்கூட ஒன்பது மாதம் இருந்தோம். மேளம் தட்டலாம், ஆனால் அடுத்த அறையில் யாரையாவது கிடத்தியிருந்தால் தட்டக் கூடாது என்று பேச்சு. அந்தக் குளிர்காலம் பார்த்துத்தானா ஊரில் அத்தனை பேர் சாக வேண்டும்? பிள்ளைகளுக்கு மேளம் எந்தப் பக்கம் தட்டுவது என்பதே மறந்துபோயிற்று.

ஒவ்வொரு தடவையும் பெட்டி கட்டியவள் நான். ஊர்வலத்துக்கான காகிதக்கூழ் ராட்சசத் தலைகள் பதினான்கும் என் வீட்டுக் கார் கொட்டகையில்தான் இருக்கின்றன. என் கணவரின் கார் வெளியே பனியில் நிற்கிறது. மனிதர் வாய் திறப்பதில்லை. பனியைச் சுரண்டும்போது மட்டும் என்னை ஒரு பார்வை பார்ப்பார்.

வருடக் கடைசிக்குள் காலி செய்யும்படி டயர் கடைக்காரர் சொன்ன அன்று, பன்னிரண்டாவது தடவை பெட்டி கட்ட மாட்டேன் என்று கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டேன். சொந்த இடம் கிடைத்தால் சங்கம், இல்லையென்றால் கதவைச் சாத்திவிட்டு அவரவர் வீட்டுக்குப் போகலாம். யாரும் மறுத்துப் பேசவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் போலந்துக்காரர்களின் பழைய சங்கக் கட்டடம் விலைக்கு வந்தது. மேடை, மரத் தரை, பெரிய சமையலறை எல்லாம் உண்டு. ஒரு காலத்தில் நானூறு பேர் இருந்த சங்கத்தில் இப்போது நான்கு பேர்தான் மிச்சம். தலைவர் காசிமிருக்கு எண்பத்து நாலு வயது. பணம் திரட்டி, பேசி முடித்து, கையெழுத்து மட்டும் பாக்கி. ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு அவர் கூப்பிட்டார்.

"அம்மா, சாமான் வைக்கிற கிட்டங்கிக்காரங்களும் இடத்தைக் கேக்குறாங்க. இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள உங்காளு வந்து கையெழுத்துப் போட்டா உங்களுக்கு. இல்லேன்னா அவங்களுக்கு. எங்க கமிட்டி முடிவு இது."

எங்களாளு என்பது தலைவர் எரிபெர்த்தோ. புவேர்த்தோ ரிக்கோக்காரன், மேளக்காரன், தங்கமான மனுஷன். உடனே அவனைக் கூப்பிட்டேன்.

"எரிபெர்த்தோ, போலந்துச் சங்கத்துல கையெழுத்துப் போடணுமாம். அவோரீத்தா!"

"அவோரீத்தாவா? சரிக்கா. அவோரீத்தா வந்துடறேன்."

ஐந்து மணிக் கெடுவைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். இப்போதே கிளம்புகிறவனிடம் ஐந்து மணியைப் பற்றி எதற்கு என்று ஃபோனை வைத்துவிட்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் மெக்சிகோக்காரி. எங்கள் ஊரில் அவோரீத்தா என்றால் இதோ, இந்த நிமிஷம். சரி, சில பேர் அதை ஒரு மணி நேரம் இழுப்பார்கள், ஆனாலும் கிளம்பிவிட்டார்கள் என்று அர்த்தம். எரிபெர்த்தோவின் ஊரில் அதே வார்த்தைக்கு அப்புறம், மெதுவாக, அவசரமில்லை என்று அர்த்தம். இரண்டு பேரும் பேசுவது ஸ்பானிய மொழிதான். இது எங்களுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஒரு தடவை இந்த வார்த்தையால் மேயரையே மழையில் நிற்க வைத்தோம். அதன் பிறகு, சங்க வேலையில் யாரும் இந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது என்று கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். அது ஏழாவது இடத்துச் சுவர். எட்டாவது இடத்துக்குப் போனபோது எல்லாவற்றையும் பெட்டியில் போட்டேன், அந்தத் தாளைத் தவிர.

பச்சைக் கோட்டை மாட்டிக்கொண்டு பதினொன்றரைக்கே போய்விட்டேன். காசிமிர் காபியும் கசகசா கேக்கும் கொடுத்தார். பன்னிரண்டு, ஒன்று, இரண்டு என்று மணி ஓடியது. நான்காவது துண்டு கேக்கும் உள்ளே போயிற்று. எரிபெர்த்தோவின் ஃபோன் அடித்து அடித்து ஓய்ந்தது. போகிற வழியில் விபத்தோ என்று ஒரு பக்கம் பதறினேன். விபத்தாக இல்லாவிட்டால் நானே ஒன்று ஏற்பாடு செய்வேன் என்று இன்னொரு பக்கம் பல்லைக் கடித்தேன்.

நாலரை மணிக்கு அவன் மனைவி மிக்தாலியாவைப் பிடித்தேன்.

"அவரா? ஊருக்கு அந்தக் கோடியில, பள்ளிக்கூடத்துல பசங்களுக்கு மேளம் சொல்லிக் குடுக்கறாருக்கா. கையெழுத்து ஏதோ அவோரீத்தாதான், அவசரமில்லைன்னு நீங்களே சொன்னதாச் சொன்னாரே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மிக்தாலியா, காரை எடு. அந்த ஆளைக் காதைப் பிடிச்சு இழுத்துட்டு வா. இப்பவே! இந்த நொடி! புரியுதா?"

"அய்யோ, நீங்க அவோரீத்தான்னு சொல்லாம இருந்திருந்தா…"

"அந்த வார்த்தையை எடுத்தே, உன் நாக்கை அறுத்துடுவேன்!"

ஐந்து மணி அடித்தது. காசிமிர் தொலைபேசியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மானத்தை விட்டு நடந்ததையெல்லாம் சொன்னேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார்.

"எங்க பாஷையில 'ஸராஸ்'னு ஒண்ணு இருக்கும்மா. உடனேன்னு அர்த்தம். அந்தக் கதவு கீச்சுங்குதேன்னு என் பெண்டாட்டி சொன்னா. ஸராஸ் பாக்கறேன்னேன். அவ போய் ஆறு வருஷமாச்சு. இன்னும் கீச்சுங்குது. உக்காருங்க, வரட்டும்."

ஐந்தே கால் தாண்டி எரிபெர்த்தோ வந்தான். கழுத்தில் மேளம் அப்படியே தொங்கியது.

"ஏன்டா, அவோரீத்தான்னா உனக்கு விளங்காதா?"

"நல்லாத்தானே விளங்குச்சு! அவோரீத்தான்னு சொன்னதுக்கு நான் ரொம்ப சீக்கிரமே வந்துட்டேன்! அஞ்சு மணின்னு சொல்ல உன் வாயில என்ன கொழுக்கட்டையா?"

"கேக்குடா! நீ வராததால மூணு மணிக்குள்ள நாலு துண்டு!"

"முதல்ல கையெழுத்துப் போடுங்க, அப்புறம் அடிச்சுக்கலாம்" என்றார் காசிமிர். எரிபெர்த்தோ மேளத்தின் மேலேயே தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டான். அடுத்து அவர் போட வேண்டும். பேனாவைத் திறந்தார். தாளுக்கு மேலே கொண்டுபோனார். அப்படியே நிறுத்திவிட்டார்.

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். "என்னய்யா? கெடு தாண்டிப்போச்சுன்னா?"

"அதில்லம்மா." அவர் தாளைப் பார்த்தபடியே சொன்னார். "அஞ்சு அடிச்சப்போ எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். கிட்டங்கிக்காரங்க திங்கக்கிழமைதான் வருவாங்க. உங்காளு வராம இருந்தா, நாளைக்கு ஒரு வியாழக்கிழமை எங்களுக்கு மிச்சம். வியாழக்கிழமை நாங்க நாலு பேரும் இங்க சீட்டு ஆடுவோம். நாப்பத்தோரு வருஷமா. எங்க யார் வீட்டுலயும் இடமில்ல. இருக்கறதே பிள்ளைங்க வீட்டுல."

நான் எரிபெர்த்தோவைப் பார்த்தேன். அவன் மேளத்தைக் கழுத்திலிருந்து கழற்றிக் கீழே வைத்தான். இந்த ஆள் பகல் முழுக்க எனக்குக் கேக் அறுத்துக் கொடுத்திருக்கிறார். தன் இடத்தைப் பறிக்க வந்தவளுக்கு. எனக்கு வெட்கமாக இருந்தது.

"சமையலறைக்குப் பின்னாடி ஒரு சின்ன ரூம் இருக்கே, சூடு நல்லா வருமே, அது எங்களுக்கு எதுக்கும் ஆகாது" என்றேன். பொய். ராட்சசத் தலைகளை அங்கேதான் வைப்பதாக இருந்தேன். "வியாழக்கிழமை அது உங்களுக்கு. மேளச் சத்தம் கேக்கும், அதுக்கு நான் பொறுப்பில்ல."

"எனக்குக் காது மந்தம்தான்" என்றார். பிறகு, கணக்கு வாத்தியார் முன்னால் நிற்கிற பையன் மாதிரி, தயங்கிக்கொண்டே கேட்டார். "எத்தனை நாளைக்கும்மா?"

பதினொரு கட்டடச் சொந்தக்காரர்கள் முன்னால் நின்று, இதே குரலில், இதே வார்த்தைகளை நான் கேட்டிருக்கிறேன். பதினொரு பேரும், பார்க்கலாம் என்றுதான் சொன்னார்கள்.

"நீங்க சாகற வரைக்கும்" என்றேன்.

எரிபெர்த்தோ என் காலை நறுக்கென்று மிதித்தான். காசிமிர் தலையை ஆட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.