சட்டை மாற்றிய படம்

ஹலினாவின் அப்பா ரிஷார்ட் போலந்து நாட்டு அணிக்கு உதைபந்து விளையாடியவர். ஜெர்மன்காரன் ஊரைப் பிடித்ததும் அவர் கையில் துவக்கைத் திணித்துத் தன் படையில் சேர்த்துக்கொண்டான். மாட்டேன் என்றால் பெண்டாட்டி பிள்ளை முகாமுக்குப் போகும். சண்டைக்குப் போனவர் போனவர்தான். கழுகுச் சின்னம் வைத்த சட்டையோடு அவர் நின்ற படங்களையெல்லாம் அம்மா பயத்தில் அடுப்பில் போட்டுவிட்டாள். மிஞ்சியது ஜெர்மன் சீருடையில் எடுத்த ஒரே ஒரு படம்.

அதை எந்த முகத்தோடு கோயிலுக்குக் கொண்டுபோவது? ஹலினா இப்போது இருக்கும் கனடாவின் மொன்றியலில், போலந்துக்காரர்களின் கத்தோலிக்கக் கோயிலில், நவம்பர் வந்தால் செத்தவர்களின் படங்களைப் பீடத்தடியில் வைப்பார்கள். ஹலினா மட்டும் வெறுங்கையோடு போய்வருவாள். கண்மூட முன் ஒருதரமாவது அப்பாவை அங்கே வைக்க வேண்டும் என்பதுதான் கிழவியின் ஆசை.

அவளைப் பராமரிக்க வரும் இலங்கை மன்னார்க்காரி மாக்கிரட்டுக்கு இது ஒரு பெரிய காரியமாகவே படவில்லை. அவளுடைய தம்பி யோசெப்பும் பந்தடிகாரன்தான். ஈழத்துக் கடைசிச் சண்டையில் புலி இயக்கம் அவனைப் பிடித்துக்கொண்டு போனது. வரிச்சீருடைப் படம் மட்டும் வீட்டுக்கு வந்தது. ஆமிக்குப் பயந்து அந்தப் படத்துக்குக் கோட்டும் டையும் போடுவித்து மாட்டினார்கள். நம் ஆட்கள் செத்தவனுக்குக் கோட்டுப் போடாமல் விட்டதுண்டா?

கிழவியிடம் சொல்லாமலே படத்தைக் கைபேசியில் எடுத்துக்கொண்டு ஸ்டூடியோ பத்திநாதரிடம் போனாள்.

“அண்ணை, இவருக்குப் பந்தடிக்கிற சட்டை போடேலுமோ? வெள்ளை, நெஞ்சில கழுகு.”

“கோட்டுப் போடுறனான் ஜெர்சி போடமாட்டனே? பேந்து வாங்கோ.”

சும்மா சொல்லக்கூடாது, மனிதர் அசத்தியிருந்தார். மாக்கிரட் பூரித்துப்போய்ப் படத்தை ஹலினாவின் மடியில் வைத்தாள்.

கிழவி சட்டையைத் தடவினாள். முகத்துக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது.

“பிடிக்கவில்லையா, மடாம்?” என்று மாக்கிரட் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கேட்டாள்.

“இந்தச் சட்டையைப் போட்டால் அப்பா சிரித்துக்கொண்டே இருப்பாராம். அம்மா சொல்வாள்,” என்றாள் ஹலினா. “இவர் பயந்துபோய் நிற்கிறாரே. இது சீருடை போட்ட அன்றைய முகம், பிள்ளை. இதை நீ மாற்றவில்லையே.”

படத்தைக் கவிழ்த்து வைத்தாள். அந்த நவம்பரும் வெறுங்கையோடுதான் போனாள்.

படம் கொடுத்த அன்று வீட்டுக்கு வந்த மாக்கிரட் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. சுவரில் தம்பி கோட்டும் டையுமாக நின்றான். வருகிறவர்களுக்கெல்லாம் “மாப்பிள்ளை மாதிரி நிக்கிறான், பாருங்கோ” என்று அவள் காட்டிய, ஊரிலிருந்து கொண்டுவந்த படம். முதல் தடவையாகக் கிட்டப்போய்க் கண்ணைப் பார்த்தாள்.

“ஐயோ, என்ர தம்பி,” என்று சுவரோடு சரிந்தாள். “இவ்வளவு பயந்துபோயோடா நிண்டனி?”